ஒப்புதல் இன்றியே

அடி அண்ணாமலை
28 ஆகஸ்ட் 2025

வள்ளிக்கு,

நீ போன் பண்றது தெரியுது. எடுக்க மாட்டேன். எடுத்தா கத்துவேன், அப்புறம் ரெண்டு பேருக்குமே மனசு கெட்டுடும். அதனால எழுதறேன். பால் வண்டி வளவன் வேங்கிக்கால் வழியாத்தானே போறான், அவன்கிட்ட குடுத்து விடறேன். பதில் எழுதறதா இருந்தா நீயும் அவன்கிட்டயே குடு.

நேத்து அறக்கட்டளைக் கூட்டத்துல அத்தன பொம்பளைங்க உக்காந்திருந்தாங்க. ஒருத்தி வாயத் தெறக்கல. நீ ஒருத்திதான் எழுந்து "ஒத்துக்கலாம்க்கா, வேற வழியில்ல"ன்னே. இந்த வானொலி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து மைக் முன்னாடி உக்கார்ற நீ.

அந்த உத்தரவ நீ முழுசாப் படிச்சியான்னு எனக்குச் சந்தேகம். உரிமம் நம்ம அறக்கட்டளை பேர்ல இருக்கு. தலைவின்னு என் கையெழுத்து. டெல்லி ஆணையம் அந்த உரிமத்துல ரெண்டு நிபந்தனைய மாத்திட்டுது. ஒண்ணு அலைவரிசை. அது தொலையட்டும், ஜனங்க ரேடியோவத் திருகிக்குவாங்க. ரெண்டாவது, ஒலிபரப்புக் கோபுரம் இனிமே அடி அண்ணாமலையில இருக்கக்கூடாது, அக்டோபர் ஒண்ணாம் தேதியிலேர்ந்து வேங்கிக்கால் பக்கம்தான் இருக்கணுமாம். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் கிரிவலப் பாதையில பாதுகாப்புக்கு வச்சிருக்கற வயர்லெஸ்ஸுக்கு நம்ம கோபுரம் இடைஞ்சல்னு காரணம் சொல்றாங்க. ஒரு ஆளு வந்து அளந்து பாக்கல.

வேங்கிக்கால் மலைக்குக் கிழக்கால இருக்கு. நாம மேற்கால. நம்ம சின்ன கோபுரத்துலேர்ந்து கிளம்பற அலை மலையத் தாண்டி இந்தப் பக்கம் எறங்காதுன்னு உனக்கே தெரியும். யாருக்காக ஆரம்பிச்சோமோ அந்த ஊருங்க ஒண்ணுக்கும் கேக்காது. உரிமம் பத்திரமா இருக்கும், நம்ம ஜனம் மட்டும் இருக்காது.

எங்களக் கேக்காம எப்படி மாத்தினீங்கன்னு எழுதினேன். ஒரு வரியில பதில் வந்துச்சு. உரிமத்தோட பதினாலாவது பிரிவுப்படி, "பொது நலன் கருதி, உரிமதாரரின் ஒப்புதல் இன்றியே நிபந்தனைகளை மாற்றியமைக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு." எடுத்துப் பாத்தேன். இருக்கு. நான்தான் அடியில கையெழுத்துப் போட்டிருக்கேன்.

உன் வீட்டுக்காரர் முருகவேல் கலெக்டர் ஆபீஸ்ல இருக்காரு. வேங்கிக்கால்ல கோபுரத்தோட ரூம் ஒரே நாள்ல கெடைச்சிடுச்சு. நான் ஒண்ணும் சொல்லல.

ஜெயந்திமாலா

*

வேங்கிக்கால்
31 ஆகஸ்ட்

ஜெயந்தி அக்காவுக்கு,

ஒண்ணும் சொல்லலன்னு சொல்லிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டீங்க.

அவரு ரெக்கார்டு ரூம்ல பழைய பட்டாக் கட்டு எடுத்துக் குடுக்கற கிளார்க்கு. டெல்லியில இருக்கறவங்க அவரக் கேட்டா உத்தரவு போடறாங்க? ரூம் கெடைச்சது எங்க வீட்டு ஓனரோட மாடி காலியா இருந்ததால. கோபுரம் அவங்க பழைய கேபிள் டிவி கோபுரம். நான்தான் போய்க் கேட்டேன். அக்டோபர் வரைக்கும் நீங்க கோவத்துல உக்காந்துட்டு இருப்பீங்கன்னு தெரியும், யாராச்சும் ஒருத்தர் தேடணும் இல்ல?

அலை தாண்டாதுன்னு எனக்குத் தெரியாதாக்கா? எங்கப்பா அந்தப் பக்கம்தான் இருக்காரு. என் வீட்ல வந்து இருங்கப்பான்னு எத்தன தடவ கூப்பிட்டும் வராம, அடி அண்ணாமலையில தனியா, வாரத்துல ரெண்டு நாள் ஆட்டோ புடிச்சு டயாலிசிஸுக்கு டவுனுக்கு வந்துட்டுப் போறாரு. பௌர்ணமி அன்னிக்கு செல்போன் டவர் எல்லாம் திணறிப் போகும். எந்தச் சந்து தெறந்திருக்கு, எங்க தடுப்புப் போட்டிருக்காங்கன்னு நான் ரேடியோவுல சொல்றத வச்சுதான் அவரோட ஆட்டோ வரும். மொதல்ல கேக்காமப் போறது எங்கப்பாவுக்குத்தான். அது தெரிஞ்சுதான் எழுந்து சொன்னேன். அந்த அஞ்சு நிமிஷமும் நான் செவுத்தப் புடிச்சுட்டுதான் நின்னேன். நீங்க கவனிக்கல.

நாம ஒத்துக்கலன்னா அதோட அவங்க உத்தரவ மாத்திடுவாங்களா? ஒலிபரப்பு நின்னா உரிமமே போயிடும். உரிமம் இருந்தா நாளைக்கு ஒரு நாள் திரும்பக் கேக்கலாம். அது மட்டுந்தான் என் கணக்கு.

அந்த வயர்லெஸ் விஷயம் பொய்னு நமக்கு எப்படித் தெரியும்? லட்சக்கணக்குல ஜனம் நடக்கற எடம். நம்மாலதான் ஒரு செய்தி காதுல விழாமப் போச்சுன்னு ஒரு நாள் ஆயிட்டா?

போன எடுங்கக்கா.

வள்ளி

*

அடி அண்ணாமலை
14 செப்டம்பர்

வள்ளிக்கு,

உன் வீட்டுக்காரரப் பத்தி நான் எழுதினது தப்பு. முருகவேல்கிட்டயும் சொல்லிடு. போன் இன்னும் வேணாம்.

சென்னைக்குப் போய் வக்கீல பாத்துட்டு வந்தேன். ஆர்த்தின்னு சின்ன வயசுப் பொண்ணு. பொறுமையாப் படிச்சுது. "உங்களுக்கு மூணு வழிதாம்மா"ன்னுது. சரி, மூணு இருக்கேன்னு மனசு லேசாச்சு.

"மொதல் வழி, புது எடத்துலேர்ந்து ஒலிபரப்பறது. அப்படிச் செஞ்சா நீங்க மாத்தத்த ஒத்துக்கிட்டதா ஆயிடும். அப்புறம் எதிர்த்துப் பேசறது கஷ்டம். ரெண்டாவது, ஒலிபரப்பே பண்ணாம இருக்கறது. மூணு மாசம் சத்தமில்லாம இருந்தா உரிமம் தானா ரத்து. மூணாவது, பழைய எடத்துலயே தொடர்றது. அது குத்தம். கருவியெல்லாம் எடுத்துட்டுப் போவாங்க, உங்க மேல வழக்கு வரும்."

"எதிர்த்துக் கேஸ் போட முடியாதா?"

"போடலாம். 'ஒப்புதல் இன்றியே'ன்னு எழுதின எடத்துக்குக் கீழ உங்க கையெழுத்து இருக்கு. அதத்தான் மொதல்ல காட்டுவாங்க. கேஸ் முடியற வரைக்கும் நீங்க இந்த மூணுல ஒண்ணுல இருந்தாகணும்."

பஸ்ல வரும்போது ஜன்னல் பக்கம் உக்காந்து யோசிச்சுட்டே வந்தேன். நம்ம நெலத்துல மல்லாட்ட போடறோம். மழ வரலன்னா அது மழ. அது மேல கோவப்பட முடியாது. இது மழையும் இல்ல. எங்கயோ ஒரு மேசைக்குப் பின்னாடி உக்காந்திருக்கற மனுஷங்க, நம்ம ஊருப் பேரக்கூட ஒழுங்கா எழுதத் தெரியாம செஞ்சது. உத்தரவுல "அடிய அண்ணாமலை"ன்னு இருக்கு, பாத்தியா?

ஏழாம் தேதி பௌர்ணமிக்கு நீ இங்கேர்ந்து பேசினதுதான் கடைசிப் பௌர்ணமி. உங்கப்பா வாசல்ல ரேடியோவ மடியில வச்சுட்டு உக்காந்திருந்தாரு. அன்னிக்கு அவருக்கு ஆஸ்பத்திரி நாள்கூட இல்ல. "அப்புறம் ஏண்ணே கேக்கறீங்க"ன்னேன். "எம் பொண்ணு பேசறா"ன்னாரு.

உத்தரவுக்கு என்ன பண்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல.

ஜெயந்திமாலா

*

வேங்கிக்கால்
3 அக்டோபர்

அக்கா,

இப்ப நான் கத்தறேன்.

ஒண்ணாம் தேதி காலையில இங்கேர்ந்து ஒலிபரப்பு ஆரம்பிச்சோம். எடம் மாத்தற காயிதத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தீங்க, ஒரு வார்த்தை எழுதல. சரி, மனசு கஷ்டம், எழுதலன்னு நெனச்சேன். மூணு பேரு மாடியில மைக்க வச்சுட்டு உக்காந்தோம், மொதல் வணக்கம் நான் சொன்னேன். யாருக்குச் சொல்றேன்னே தெரியல. செங்கம் ரோடுல ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில கேக்குதாம். நல்லது.

இன்னிக்கு ஆணையத்துலேர்ந்து மெயில் வந்திருக்கு, எல்லாருக்கும் போற மெயில் ஐடிக்கு. "தங்களது 19-9 தேதியிட்ட உரிம ஒப்படைப்பு விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது"ன்னு.

ஒப்படைப்பு!

உரிமத்தையே திருப்பிக் குடுக்கறேன்னு எழுதிட்டீங்க. யாரக் கேட்டீங்க? கூட்டம் போட்டீங்களா? என்னக் கேட்டீங்களா? பத்தொம்பதாம் தேதி எழுதிட்டு, இருவத்தஞ்சாம் தேதி எடம் மாத்தற காயிதத்துலயும் கையெழுத்துப் போட்டு அனுப்பறீங்க. நான் இங்க வயரு இழுத்துட்டு ஏணி மேல நிக்கறேன். டெல்லிக்காரங்க உங்கள ஒரு வார்த்தை கேக்காம மாத்திட்டாங்கன்னு சென்னை வரைக்கும் போய் அழுதீங்களே, இது என்னக்கா?

தலைவின்னா எங்களயெல்லாம் வச்சுக்கிட்டு என்ன வேணா பண்ணலாமா?

மெயிலோட கடைசி வரியப் படிச்சீங்களா? பரிசீலனை முடிஞ்சு ஆணையம் ஏத்துக்கற வரைக்கும், மாத்தின நிபந்தனைப்படி நாம ஒலிபரப்பிட்டே இருக்கணுமாம். இல்லன்னா நடவடிக்கையாம். எப்ப முடியும்னு தேதி இல்ல.

திங்கக்கிழம பௌர்ணமி. அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். ஞாயித்துக்கிழமயே இங்க வந்துடச் சொல்லிப் போன்ல கெஞ்சினேன். மாடு இருக்கு, வர மாட்டேன்னுட்டாரு. நீங்களாவது சொல்லிப் பாருங்க. உங்க மேல கோவம்தான், ஆனா வேற யாரக் கேக்கறது?

வள்ளி

*

அடி அண்ணாமலை
9 அக்டோபர்

வள்ளி,

மூணு நாளா ஆஸ்பத்திரியில நாம ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தோம். நீ என் மொகத்தப் பாக்கல. நானும் பேசல. திங்கக்கிழம என்ன நடந்துச்சுன்னு நீ கேக்கவும் இல்ல. அதனால எழுதறேன். உனக்குத் தெரியணும்.

காலையில ஏழு மணிக்கே நானும் உங்கப்பாவும் ஆட்டோவுல ஏறினோம். ஞாயித்துக்கிழம நான் சொன்னதையும் அவரு கேக்கலங்கறதால, தனியா அனுப்ப மனசு வராம கூடப் போனேன். ஆட்டோக்காரர் போன மாசம் நீ சொன்ன பள்ளிக்கூடத்துப் பின்சந்துல விட்டாரு. தடுப்பு. திருப்பிக்கிட்டு ஏரிக்கரை வழியா வந்தா அங்கயும் தடுப்பு. போன்ல ஒண்ணும் போகல. ரேடியோவ வச்சுப் பாத்தேன், இரைச்சல்தான். அங்க நின்ன போலீஸ்காரர்கிட்ட, "டயாலிசிஸுக்குப் போறாருங்க, எந்த வழி தெறந்திருக்கு"ன்னு கேட்டேன். நல்ல மனுஷன். தோள்ல இருந்த வயர்லெஸ்ல கேட்டுப் பாத்தாரு. அதுவும் கரகரன்னுதான் இருந்துச்சு. நம்ம கோபுரம் எறங்கி அன்னிக்கே அஞ்சாறு நாள் ஆகியிருந்துச்சு, வள்ளி. "எப்பவும் இப்படித்தாம்மா. நடந்து போயிடுங்க, அது ஒண்ணுதான் நிச்சயம்"ன்னாரு.

நடந்தோம். கிரிவலக் கூட்டத்தோட கூட்டமா. அவருக்கு நாலடிக்கு ஒரு தடவ மூச்சு வாங்குது. ரோடோரமா பந்தல் போட்டு நீர்மோரு குடுக்கறாங்க. வயசானவரு தள்ளாடிட்டு வராரேன்னு ஓடி ஓடி வந்து குடுக்கறாங்க. ஒருத்தர், "எத்தனாவது சுத்து பெரியவரே?"ன்னு கேட்டாரு. இவரும் சிரிச்சுட்டே வாங்கிக் குடிச்சாரு. "அண்ணே, உங்களுக்குத் தண்ணி கம்மியாத்தான் குடிக்கச் சொல்லியிருக்காங்க"ன்னேன். "தாகமா இருக்கு ஜெயந்தி. சாமி பேரச் சொல்லிக் குடுக்கறாங்க, எப்படி வேணாங்கறது"ன்னாரு. மூணு டம்ளர் ஆச்சு. நான் கையப் புடிச்சு நிறுத்தியிருக்கணும். அத்தன பேரு முன்னாடி அவரு மொகம் சுருங்கிடும்னு விட்டுட்டேன்.

போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிடுச்சு. மிஷின்ல அவரோட நேரம் போய் வேற ஆளு படுத்திருந்தாரு. சாயந்திரம்னாங்க. அதுக்குள்ள நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சு. மிச்சம் உனக்குத் தெரியும்.

எங்கப்பாவக் கொல்லப் பாத்தீங்களேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. அது எனக்கு ஜாஸ்தி வலிச்சுது.

ஒப்படைப்பு விஷயத்துல நீ சொன்னது சரி. என் கையில மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்னு நெனச்சேன். அவங்க எதை வேணா மாத்தலாம், ஆனா வேணாம்னு தூக்கிப் போடறது என் இஷ்டம் இல்லியான்னு ஒரு வீம்பு. அந்த வீம்புல நீங்க யாரும் எனக்கு ஞாபகம் வரல. இப்பப் பாரு, தூக்கிப் போடறதுக்கும் அவங்க சம்மதிக்கணும். எடம் மாத்தற காயிதத்துல கையெழுத்துப் போட்டது, அவங்க முடிவு சொல்ற வரைக்கும் உன் மேல நடவடிக்கை எதுவும் வந்துடக்கூடாதுன்னுதான். அத நான் சொல்லியிருக்கணும்.

ஜெயந்திமாலா

*

வேங்கிக்கால்
2 நவம்பர்

அக்கா,

உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். உங்க மேல ஒண்ணும் இல்ல. நீங்க கூடப் போகலன்னா அன்னிக்கு அவரு வழியிலயே விழுந்திருப்பாரு.

அப்பாவ ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா எங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன். உங்களுக்கும் தெரியும். மாட்ட பக்கத்து வீட்டு வினோதினிகிட்டக் கட்டச் சொல்லிட்டேன். வீட்டப் பூட்டிச் சாவிய நான் வச்சிருக்கேன். இனிமே இங்கதான். முடிவாச் சொல்லிட்டேன்.

ஆஸ்பத்திரி பக்கம். தடுப்புப் பிரச்சன இல்ல. நான் மாடியில பேசறது கீழ ரேடியோவுலயும் கேக்குது, மாடிப்படி வழியாவும் கேக்குது. ரெண்டு வள்ளி பேசற மாதிரி இருக்குன்னு கீர்த்தனா தாத்தாகிட்டச் சொல்லிச் சிரிக்கிறா. அவரு சிரிக்கறதில்ல. ரேடியோவ நிறுத்தி வச்சிடறாரு.

சாப்பாடு கொறஞ்சுடுச்சு. பால்கனியில நாற்காலியப் போட்டு மலையப் பாத்துட்டே உக்காந்திருக்காரு. நேத்து, "என்னப்பா பாக்கறீங்க"ன்னேன். "இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா அது வேற யாரோட மலையோ மாதிரி இருக்கு"ன்னாரு. "அதே மலைதாம்பா"ன்னேன். ராத்திரி முருகவேல்கிட்ட, "என்ன இங்க எத்தன நாளைக்கு வச்சிருப்பீங்க"ன்னு கேட்டிருக்காரு. ஜெயில்ல கேக்கற மாதிரி.

நான் பொண்ணுக்கா. வேற என்ன பண்ணுவேன்? அங்க விட்டுட்டு ஒவ்வொரு திங்களும் வியாழனும் உசுரப் புடிச்சுட்டு உக்காந்திருக்கவா?

இங்கேர்ந்து ஒலிபரப்பறது நல்லாத்தான் போகுது. காய்கறி விலை சொல்றோம். கலெக்டர் ஆபீஸ் மனு நாள் சொல்றோம். ஒரு குடியிருப்போர் சங்கத்துலேர்ந்து பாராட்டி போன் பண்ணாங்க. நல்ல ஜனம்தான் அவங்களும். போன வெச்சுட்டு நான் மாடியில உக்காந்து அழுதேன்.

வள்ளி

*

அடி அண்ணாமலை
16 நவம்பர்

வள்ளிக்கு,

வியாழக்கிழம உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனதுலேர்ந்து மனசு ஒரு நெலையில இல்ல. நீ காபி போட உள்ள போனப்ப உங்கப்பா என்கிட்ட, "மாடு பால் குடுக்குதா ஜெயந்தி"ன்னு கேட்டாரு. குடுக்குதுன்னேன். "கொல்லையில பூசணி?" காச்சிருக்குன்னேன். "வீட்ட யாராச்சும் தெறந்து பெருக்கறாங்களா?" சாவி உன்கிட்ட இருக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

மொதல்ல ஆணையத்து விஷயம். ஒப்படைப்ப வாபஸ் வாங்கறேன்னு எழுதிட்டேன். இந்தத் தடவ கூட்டம் போட்டு, எல்லாரையும் கேட்டு, உன்னப் போன்ல கேட்டு (ஆமா, நான்தான் மொதல்ல போன் பண்ணேன், ஞாபகம் வச்சுக்க), அப்புறம்தான் எழுதினேன். ஆர்த்திகிட்ட கேட்டேன், வாபஸ் வாங்கிட்டா முடிஞ்சுதா? "அதையும் அவங்க ஏத்துக்கணும்மா"ன்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணே சிரிச்சுடுச்சு. ஆக, உரிமம் நம்மகிட்ட இருக்கா இல்லியான்னு எனக்கே தெரியாது. ஆனா ஒலிபரப்பியே தீரணும்.

கோபுரத்தப் பழைய எடத்துக்கே மாத்தணும்னு ஒரு மனு போட்டிருக்கோம். வந்து அளந்து பாருங்கன்னு கேட்டிருக்கோம். எட்டு ஊரு ஜனம் கையெழுத்துப் போட்டிருக்கு. உங்கப்பா பேரு மட்டும் இல்ல, அவரு அங்க இருக்காரே. பதில் வரும்னு நான் நம்பல. சும்மா இருக்க முடியல, அவ்வளவுதான்.

தீபத்துக்கு நான் அங்க வரேன். சமணக் குடும்பத்துல பொறந்தவ, கிரிவலம் சுத்தினதில்ல, ஆனா ஏழு வருஷமா அந்தப் பாதையோட ஒவ்வொரு சந்தும் எனக்கு மனப்பாடம். மேக்குப் பக்கத்து வழியெல்லாம் நானே மைக்ல சொல்றேன். எங்க ஜனத்துக்குக் கேக்காது. ஆனா நம்ம ஊருப் பிள்ளைங்க எத்தன பேரு டவுன்ல கடையிலயும் காலேஜுலயும் இருக்காங்க, அவங்க வீட்டுக்குத் திரும்பணும் இல்ல? அவங்களுக்குக் கேக்கும். பாதி வேலதான். பாதியையாவது பண்ணலாம்.

இப்ப உங்கப்பா. நீ பண்ணது தப்புன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அந்த மூச்சுத் திணறல நானும் பாத்தேன். அவரு இங்க வந்தா அவரோட சேந்து பயமும் வரும், நீயும் நானும் தூங்க மாட்டோம். அதெல்லாம் தெரிஞ்சுதான் எழுதறேன். அவர ஒரு தடவ கேளு. "இங்கயே இருந்துடுங்கப்பா, சரியா"ன்னு கேக்காத. அது கேள்வி இல்ல. என்ன வேணும்னு கேட்டுட்டு, அவரு சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாம இரு. மைக் முன்னாடி உக்கார்றவங்களுக்கு அது கஷ்டம்தான்.

ஜெயந்திமாலா

*

வேங்கிக்கால்
21 நவம்பர்

ஜெயந்தி அக்காவுக்கு,

உங்க கடிதம் வந்து நாலு நாள் ஆச்சு. நாலு நாளா கேக்கல. கேட்டா என்ன சொல்லுவாருன்னு தெரியுங்கறதால கேக்கல.

இன்னிக்குக் காலையில ஒலிபரப்ப முடிச்சுட்டு எறங்கி வந்து பால்கனியில அவருக்குப் பக்கத்துல தரையில உக்காந்தேன்.

"உங்களுக்கு என்னப்பா வேணும்?"

அவரு மலையவே பாத்துட்டு இருந்தாரு. நான் மறுபடி கேக்கறேன்னு வாயத் தெறந்துட்டு, நீங்க எழுதினது ஞாபகம் வந்து மூடிக்கிட்டேன்.

"வீட்டுக்குப் போகணும்"ன்னாரு. "திங்களும் வியாழனும் ஆட்டோவுல வந்துட்டுப் போறேன். பௌர்ணமி வந்தா ரெண்டு நாள் முன்னாடியே இங்க வந்துடறேன், அதுல நான் இனிமே வீம்பு புடிக்க மாட்டேன். மத்த நாள்ல என் வீட்ல இருக்கேன்."

"அங்க ரேடியோ கேக்காதுப்பா."

"தெரியும்."

"ஒடம்புக்கு ஏதாச்சும் திடீர்னு ஆனா, நாங்க வந்து சேரவே நேரம் ஆயிடும்."

"அதுவும் தெரியும் வள்ளி. நான் யோசிக்காம சொல்லல. ஒரு மாசத்துக்கு மேல இந்த நாற்காலியில உக்காந்து அதத்தான் யோசிச்சேன்."

அப்புறம் நான் அழுதேன். அவரு தலையத் தடவிக் குடுத்தாரு. மத்தியானம் ரசஞ்சாதம் ரெண்டு தடவ போடச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டாரு. ரெண்டாவது தடவ பாதிதான் போட்டேன், ரசம் கம்மியா.

ஞாயித்துக்கிழம காலையில நானும் முருகவேலும் கொண்டு வந்து விடறோம். சாவிய அவர்கிட்டயே குடுத்துட்டேன். தீபத்துக்கு டிசம்பர் ரெண்டாம் தேதியே பஸ்ஸெல்லாம் நின்னுடும், அதனால நீங்களும் அவரும் ஒண்ணாம் தேதியே சேந்து வந்துடுங்க. நாலாம் தேதி வியாழக்கிழம அவருக்கு ஆஸ்பத்திரி. இருட்டினா நீங்க சாப்பிட மாட்டீங்களே, உங்களுக்கு அந்த நாலு நாளும் பொழுது சாயறதுக்குள்ள சாப்பாடு ரெடியா இருக்கும், சொல்லி வச்சிட்டேன்.

அவரு அங்க இருக்கற நாள்ல நீங்க கொஞ்சம் பாத்துக்குங்கக்கான்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன். எழுதறதுக்கு முன்னாடி அதையும் அவர்கிட்டக் கேட்டுடலாம்னு தோணுச்சு. கேட்டேன்.

"பாத்துக்கவெல்லாம் வேணாம். ஜெயந்தி சும்மா வந்து பேசிட்டுப் போகட்டும்"ன்னாரு.

வள்ளி